குரோம்பேட்டைக்குப் போன தாம்பூலப் பை

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே சானடோரியம் என்று ஒரே ஒரு ஸ்டேஷன்தான் இருக்கிறது. மின்சார ரயிலில் ஏறி, உட்கார இடம் தேடி, இல்லை என்று முடிவுக்கு வருவதற்குள் குரோம்பேட்டை வந்துவிடும். அந்தத் தூரத்தைக் கடக்க என் மாமா ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டார். நானும் கூடவே இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

மாமா அசமந்தமான ஆளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அம்மாவின் தம்பியான அவர்தான் எங்கள் குடும்பத்திலேயே பெரிய அவசரக்குடுக்கை. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரியே இருப்பார். காபியை ஆற்றமாட்டார். ரயில் நிற்கும் முன்பே இறங்கிவிடுவார். வண்டி ஸ்டாண்டில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று கடைசிக் காட்சிக்கு முன்னாலேயே என்னை இழுத்துக்கொண்டு தியேட்டரைவிட்டு ஓடுவார். அவரோடு பார்த்த படங்கள் எதற்கும் எனக்கு முடிவு தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி வருவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டார் என்று அம்மா இன்னும் கேலி செய்வாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயிற்று வலி வரும்போதெல்லாம் காஸ் என்று சொல்லி, ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாப்பாடு குறைந்தது, புடவை இடுப்பில் நிற்கவில்லை. அதற்கும் காஸ்தான் காரணம். கடைசியில் அப்பா சண்டை போட்டு அழைத்துப் போனபிறகுதான் பெருங்குடலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கவேண்டும். இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது, அம்மாவுக்கு வயிற்றில் ஒரு சின்ன ரிப்பேர் என்பது மட்டும். பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டதாக அப்பாவுக்குத் திருப்தி.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். பத்து மணி வாக்கில் ஆபரேஷன் தியேட்டரின் கதவு திறந்தது. பச்சை உடுப்பில் வந்த டாக்டர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். எடுத்ததை வீட்டாரிடம் காட்டிவிடுவது அங்கே வழக்கம். அப்பா ஒரு கையால் என் கண்ணைப் பொத்தினார். பொத்தியவர் தானும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார் என்பது விரல் சந்து வழியாக எனக்குத் தெரிந்தது. மாமாதான் தட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். டாக்டர் இடுக்கியால் எதையோ தொட்டுக் காட்டி, முழுசாக எடுத்தாகிவிட்டது, சாதாரணக் கட்டியா வேறு மாதிரியா என்பதை லேப்பில் பார்த்துத்தான் சொல்லமுடியும், குரோம்பேட்டையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்றார். இப்போதெல்லாம் லேப்காரர்களே வந்து எடுத்துப் போகிறார்கள். அப்போது அந்த மாதிரி சின்ன இடங்களில் இதுவும் சொந்தக்காரர்களின் வேலை, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது மாதிரி.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஜாடியைக் கொண்டுவந்தார். உள்ளே மருந்துத் தண்ணீர், வெளியே பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் அம்மாவின் பெயர். கறுப்புக் கவரில் சுற்றித் தந்தார். மருந்தில் போட்டிருப்பதால் கெட்டுப்போகாது, ஆனால் இன்றைக்குள் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். கையில் எடுத்துப்போகப் பை வேண்டுமே. வீட்டிலிருந்து பிளாஸ்க் வைத்துக் கொண்டுவந்த தாம்பூலப் பைதான் இருந்தது. இரண்டு வாழைமரம், நடுவில் மணமக்கள் பெயர், கீழே நல்வரவு. யார் கல்யாணத்தில் வாங்கியது என்று எங்களுக்கே நினைவில்லை. மாமா பிளாஸ்க்கை எடுத்துவிட்டு ஜாடியை அதில் வைத்தார். அப்பா என்னையும் அவரோடு அனுப்பினார். கொடுத்துவிட்டு நேராக வந்துவிடவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

இங்கே நான் புரிந்துகொண்டதைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டு மிக்ஸி ஜாரில் பிளேடு மழுங்கினால் அம்மா அதைக் கழற்றி முடிச்சூர் ரோட்டில் ஒரு கடையில் கொடுப்பாள். கடைக்காரர் பார்த்து, சரிசெய்து, திருப்பித் தருவார். அதுவரைக்கும் மிக்ஸி சமையலறை மேடையில் வெறுமனே கிடக்கும். அம்மாவின் ரிப்பேரும் அப்படித்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். குரோம்பேட்டையில் பார்த்துச் சரிசெய்து தருவார்கள், கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்தால் அவர் அதை உள்ளே வைத்துத் தைப்பார். அதுவரை அம்மா திறந்த வயிற்றோடு படுத்துக் கிடப்பாள். வேறு மாதிரி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகையால் அன்று அந்தப் பையைப் பற்றி என்னைவிட அவசரமாக இருந்தவர்கள் யாரும் இல்லை.

வாசலில் மாமாவின் பைக் நின்றது. அதில் ஏறினால் கால் மணியில் குரோம்பேட்டை. பைக்கில் போனால் பை குலுங்கும், ரயிலில் போகலாம் என்றார் மாமா. சரி, நியாயம்தான் என்று நினைத்தேன். ரோட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பத்தரை மணி, ராகு காலம் தொடங்கிவிட்டது, பன்னிரண்டுக்குப் பிறகுதான் கிளம்பவேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் கூட்டம் இருக்காது என்று ராகு காலமாகப் பார்த்துப் போய் அந்த பைக்கை வாங்கியவர் அவர். எங்கள் வீட்டு காலண்டரில் அம்மா நல்ல நேரம் பார்த்தால் பக்கத்தில் நின்று கிண்டல் செய்பவர். அன்றைக்கென்று ஞானோதயம் வந்துவிட்டது.

ராகு காலம் முடியும்வரை என்ன செய்வது? கோயிலுக்குப் போவோம் என்றார். கோயில் வாசல்வரை வந்தவர் பையைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். இதை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தான் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்றுகொண்டு, அர்ச்சனைத் தட்டை வாங்கி என்னை உள்ளே அனுப்பினார். வரிசையில் பெரிய பெண்கள் எலுமிச்சை விளக்கோடு நின்றார்கள். ஒருவழியாக என் முறை வந்தபோது அர்ச்சகர் பெயரைக் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். அம்மாவுக்கு ஒரு நட்சத்திரம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வெளியே ஓடிவந்து கேட்டேன். மாமா உத்திரட்டாதி என்றார். திரும்ப உள்ளே ஓடினால் வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். அம்மா அங்கே திறந்து கிடக்கிறாள், நான் இங்கே எலுமிச்சம்பழங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நான் விபூதியோடு வெளியே வந்தபோது மாமாவின் செல்போன் அடித்தது. அப்பாதான். கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். ஸ்டேஷனில் இருக்கிறேன் என்று மாமா கோயில் வாசலில் நின்றபடி சொன்னார்.

பன்னிரண்டு அடித்ததும் கிளம்புவோம் என்று பார்த்தால், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். சாம்பார் ஊற்றுவதற்குள் ரசத்துக்கு வந்துவிடும் மனிதர் அன்று சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பையை மடியில் வைத்திருந்தார். பரிமாறியவர் கீழே வையுங்கள் சார் என்று சொல்லியும் வைக்கவில்லை. நான் மோர் குடித்து, கை கழுவி, வாசல்வரை போய் வந்தும் அவர் இலையில் பாதிச் சாதம் அப்படியே இருந்தது. அதற்குள் அப்பா மறுபடியும் கூப்பிட்டார். வண்டி வந்துவிட்டது, சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி மாமா வைத்துவிட்டார். மெஸ்ஸில் எந்த வண்டி வரும் என்று நான் கேட்டதற்கு, அப்பளம் வேண்டுமா என்று கேட்டார்.

ஒருவழியாக ஸ்டேஷனுக்கு வந்தோம். டிக்கெட்டும் எடுத்தார். பீச் ஸ்டேஷனுக்குப் போகும் வண்டி ஒன்று காலியாக நின்றுகொண்டிருந்தது. நான் ஏறுவதற்குக் காலைத் தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் காலனியில் பின் தெருவில் இருக்கும் ஒரு அம்மாள் எதிரே வந்தார். ஆபரேஷன் விஷயத்தைக் காலனியில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய கண் என்னையோ மாமாவையோ பார்க்காமல் நேரே தாம்பூலப் பைக்குப் போனது. யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருக்கலாம். மாமா நின்றார். பெண் என்ன படித்திருக்கிறாள், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை, மண்டபத்தில் ஏசி சரியாக இருந்ததா என்று அந்த அம்மாள் கேட்கக் கேட்க, இவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வண்டி எங்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது. பையில் என்ன, தேங்காயா சாத்துக்குடியா என்று அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். தேங்காய் என்று சொல்லிப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார் மாமா.

அதோடு விட்டாரா அந்த அம்மாள்? டீச்சர் வரவில்லையா என்று கேட்டார்.

"வந்திருந்தாங்களே. பட்டுப் புடவை கட்டிகினு ஜம்முனு வந்தாங்க. நல்லா சாப்ட்டாங்க. பாயசம் ரெண்டு தடவ கேட்டு வாங்கினாங்க. அப்டியே ஸ்கூலுக்குக் கெளம்பிட்டாங்க."

அம்மா பாயசம் சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. பொய் சொன்னால் என் காதைத் திருகுகிறவர் இப்படி வாய் கூசாமல் அளக்கிறார். அந்த அம்மாள் போனபிறகும் அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த களை கொஞ்ச நேரம் இருந்தது.

அடுத்த வண்டியில் கூட்டம் என்றார். அதற்கு அடுத்ததில் வெயில் படும் பக்கம்தான் இடம் இருக்கிறது என்றார். ஐந்து நிமிஷப் பயணத்துக்கு வெயில் என்ன, நிழல் என்ன? அதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து நாலரை எமகண்டம் என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பையைக் கொடுங்கள், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் போயிருப்பேன். மாமா பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். செல்போன் மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

எமகண்டமும் முடிந்தது. சனிக்கு ஒரு நேரம், குளிகைக்கு ஒரு நேரம் என்று இன்னும் ஏதாவது கண்டுபிடிப்பதற்குள் நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன். சானடோரியத்தில் வண்டி நின்றபோது அவர் எழுந்தார். இது இல்லை மாமா, அடுத்தது என்று நான்தான் உட்காரவைத்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற நான் அவருக்கு ஸ்டேஷன் சொல்லித்தரவேண்டியிருந்தது.

லேப் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. கவுண்ட்டரில் இருந்த அக்கா டாக்டரின் சீட்டை வாங்கிப் பார்த்து, பேஷண்ட் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். ஸ்டேஷனில் முகம் தெரியாத மணமக்களுக்கு வம்சாவளியே சொன்ன மனிதர் இந்தக் கேள்விக்குச் சீட்டை எட்டிப் பார்த்து அம்மாவின் பெயரைப் படித்தார். அக்கா என்று கடைசியில் சொன்னார். கவுண்ட்டர் அக்கா பைக்குக் கை நீட்டினார். மாமா ஜாடியை வெளியே எடுத்தார், கவுண்ட்டரில் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. சார், விடுங்க என்று அவர் மெதுவாகச் சொன்னபிறகுதான் விட்டார்.

ரிசல்ட் வர ஐந்தாறு நாள் ஆகும் என்றார் அந்த அக்கா. அவசரம் என்றால் சீக்கிரம் பார்க்கச் சொல்லி, முன்னாலேயே போன் செய்வதாகவும் சொன்னார்.

"வேணாம்மா," என்றார் மாமா. "அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவா பாருங்க."

காலையிலிருந்து நான் அடக்கிவைத்திருந்தது எல்லாம் அங்கே உடைந்தது. "அவசரம்தான்க்கா. எங்கம்மாவுக்குத் திருப்பி வெச்சுத் தைக்கணும். அம்மா அப்டியே கெடக்கறாங்க."

அந்த அக்கா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மாமா என்னை வெளியே அழைத்து வந்து மாடிப்படியில் உட்காரவைத்தார். அம்மாவைக் காலையிலேயே தைத்தாகிவிட்டது, எடுத்ததைத் திரும்ப வைக்கமாட்டார்கள், அது அம்மாவுக்கு வேண்டாத பாகம் என்று அப்போதுதான் விளக்கினார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. இதைக் காலையில் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சரி, திரும்ப வைக்கப்போவதில்லை என்றால் பிறகு எதற்கு அதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அது என்ன என்று பெயர் சொல்வதற்கு என்றார். பெயர் சொன்னால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். காலித் தாம்பூலப் பையை நாலாக மடித்தார். பிறகு கிளம்பலாம் என்றார்.

அவர்கள் சொன்ன பெயர் புற்றுநோய்தான். ஆனால் வேறெங்கும் பரவுவதற்குள் எடுத்துவிட்டதால், மாதக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொண்டு அம்மா மறுபடியும் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். இன்றைக்கு ரிட்டயராகி, சேலையூர் வீட்டில் எல்லோரையும் விரட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். மாமாவும் பழையபடி ஓடும் ரயிலில் இருந்து இறங்குகிறார், அம்மா பழையபடி திட்டுகிறாள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் அவளிடம் நாங்கள் யாரும் முழுசாகச் சொன்னதில்லை.

இதெல்லாம் பிறகு. அன்று இருட்டுகிற நேரத்துக்கு நாங்கள் நர்சிங் ஹோமுக்குத் திரும்பினோம். அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா எதையும் நேரத்துக்குச் செய்கிறவர். ஆபீஸுக்கு ஒரு நாள் தாமதமாகப் போனதற்கு ஒரு வாரம் வருத்தப்பட்டவர். மாமா வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்பா முதலில் கேட்டது, குடுத்தாச்சா என்றுதான். மாமா தலையாட்டினார். ட்ரெயின் லேட் அத்தான் என்று முணுமுணுத்தார்.

இதற்குமேல் பொறுக்கமுடியாது என்று நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். ராகு காலம், கோயில், மெஸ், கல்யாணம், பாயசம், எமகண்டம், ஒன்றையும் விடவில்லை. எல்லா ட்ரெயினும் வந்தது, மாமாதான் ஏறவில்லை என்று முடித்தேன். அப்பா என்ன சொல்லித் திட்டப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் மாமாவுக்கு இடம் விட்டார். மாமா உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் அப்பா சொன்னார்.

"ஒவ்வொரு தடவ ஃபோன் போடும்போதும், இன்னும் குடுக்கலன்னு நீ சொல்லிட்டா போதும்னுதான் மச்சான் இருந்துச்சு."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அவர் முதுகில் கை வைத்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, அம்மாவையும் தைத்தாகிவிட்டது, தப்பு செய்தவரைத் திட்டவேண்டியவர் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார், இதற்குமேல் இரண்டு பெரிய மனிதர்கள் இப்படி உட்கார்ந்திருக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. பசிக்கிறது என்றேன். இரண்டு பேர் காதிலும் விழவில்லை.